முந்நூறு வெள்ளிக்குள் ஒரு பைனாகுலர்: பினாங்கில் முதன்முறை வாங்குபவருக்கு

ஞாயிற்றுக்கிழமை காலையில் தண்ணீர்மலைக் கோயிலைத் தாண்டித் தாவரவியல் பூங்கா வரை நடப்பது என் பல வருட வழக்கம். கழுத்தில் ஒரு சின்ன பைனாகுலர் தொங்கும். அதைப் பார்த்துவிட்டு அடிக்கடி யாராவது நிறுத்திக் கேட்பார்கள்: "இதுல எவ்வளவு தூரம் தெரியும்ண்ணே? எத்தனை மடங்கு? என்ன விலை?" நின்று பதில் சொல்வேன். ஆனால் நடைபாதையில் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை இது. அதனால் எழுதி வைக்கிறேன்.

முதல் கேள்விக்கு முதலில் பதில். தூரத்துக்கு எல்லையே கிடையாது. வெறும் கண்ணுக்கே நிலா தெரிகிறது; அது ஏறக்குறைய 384,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பைனாகுலர் செய்வதெல்லாம் பார்க்கிற பொருளைக் கிட்டே கொண்டுவருவதுதான். எட்டு மடங்கு என்றால், 80 மீட்டர் தள்ளி மரத்தில் உட்கார்ந்திருக்கும் குரங்கு 10 மீட்டரில் இருப்பதுபோல் தெரியும்.

மடங்கு பற்றிய கேள்வியில்தான் பலருடைய பணம் போகிறது. என் பணமும் போயிருக்கிறது. பல வருடங்களுக்கு முன் இணையத்தில் "30×60" என்று போட்டிருந்த ஒன்றை 89 வெள்ளிக்கு வாங்கினேன். லென்ஸ் மாணிக்கக் கல்போல் சிவப்பாக மின்னியது. பூங்காவுக்கு எடுத்துப்போய்ப் பார்த்தால், ஒரே மரக்கிளை இரண்டாகத் தெரிந்தது. இலை, வானம், குரங்கு எல்லாமே பச்சையும் நீலமும் கலந்த ஒரு நிறத்தில் இருந்தன. பத்து நிமிடத்தில் நெற்றிப்பொட்டு வலிக்க ஆரம்பித்தது. திருப்பி அனுப்பலாமா என்று கேட்டு மூன்று முறை எழுதினேன். விற்றவர் பதிலே போடவில்லை. இன்னொருவருக்கு அப்படி நடக்கக்கூடாது என்று மனதாரச் சொல்கிறேன்.

இந்தக் கட்டுரைக்கு 300 வெள்ளியை எல்லையாக வைத்துக்கொள்கிறேன். அதில் 30 வெள்ளியை இப்போதே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். அது எதற்கு என்று கடைசியில் சொல்கிறேன்.

எதைப் பார்க்கப் போகிறீர்கள்?

கடைக்குப் போகும் முன் இதை முடிவு செய்துவிடுங்கள். தாவரவியல் பூங்காவில் லோத்தோங் குரங்கும் கரும்பெரும் அணிலும் பார்க்க, கொடிமலையில் இருவாச்சி தேட, பாடாங் கோத்தா லாமா கடலோரச் சுவரில் நின்று செம்பருந்து பறப்பதைப் பார்க்க, தைப்பூசத்தில் கூட்டத்துக்கு அந்தப் பக்கம் வரும் ரதத்தைப் பார்க்க: இவை எல்லாவற்றுக்கும் கைக்கடக்கமான ஒரு பைனாகுலர் போதும்.

போதாத இடமும் உண்டு. பெருநிலத்தில் தெலுக் ஆயிர் தாவாரிலிருந்து கோலா மூடா வரை உள்ள சேற்றுக் கடலோரத்துக்கு வருடா வருடம் வடக்கிலிருந்து உள்ளான் வகைப் பறவைகள் கூட்டம் கூட்டமாக வருகின்றன. அவை கரையிலிருந்து வெகுதூரம் தள்ளி, சேற்றில் புள்ளி புள்ளியாக நிற்கும். அந்தப் பறவைகளை இனம் பிரித்துப் பார்க்க முக்காலியில் வைக்கிற பெரிய ஒற்றைக்கண் தொலைநோக்கி வேண்டும். 300 வெள்ளி பைனாகுலரிடம் அதை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

வண்ணத்துப்பூச்சி, தும்பி, பூ என்று கிட்டத்தில் உள்ளவற்றைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்குத் தேவை வேறு. சாதாரண பைனாகுலர் இரண்டு மூன்று மீட்டருக்குக் கிட்டே வந்தால் தெளியாது. பென்டாக்ஸ் கம்பெனியின் பப்பீலியோ 6.5×21 அரை மீட்டர் தூரத்திலேயே தெளியும். செம்பருத்திப் பூவில் உட்கார்ந்திருக்கும் பூச்சியின் இறக்கைத் தூள்கூடத் தெரியும். புதிதாக வாங்கினால் நம் எல்லையைத் தாண்டலாம். பழையது கிடைத்தால் விடாதீர்கள்.

அந்த இரண்டு எண்கள்

எல்லா பைனாகுலரிலும் 8×25, 10×25, 8×32 என்று ஏதாவது ஒன்று எழுதியிருக்கும். முதல் எண் மடங்கு. இரண்டாவது எண் முன்பக்க லென்ஸின் குறுக்களவு, மில்லிமீட்டரில். அதன் வழியாகத்தான் வெளிச்சம் உள்ளே வருகிறது.

இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்துப் பாருங்கள். 25-ஐ 8-ஆல் வகுத்தால் 3.1 வரும். பைனாகுலரின் பின்பக்கம் வழியாக வெளியே வந்து உங்கள் கண்ணுக்குள் நுழைகிற ஒளிக்கற்றையின் அகலம் அது, மில்லிமீட்டரில். வெயிலில் நம் கண்மணி இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடும். அதனால் பகலில் 8×25 தாராளமாகப் போதும். விடிகாலையில், அல்லது அடர்ந்த மரநிழலில், கண்மணி விரியும், அங்கே 3.1 சற்றுக் குறைவு. 10×25 என்றால் 2.5தான் வரும். படம் இன்னும் மங்கும். 8×32 என்றால் 4. காட்டு நிழலுக்கு நல்ல அளவு. ஆனால் அது சட்டைப்பைக்குள் போகாது.

பினாங்கில் சூரியன் ஏழு மணிக்கு மேல்தான் எழும். பறவைகள் நன்றாகச் சத்தம் போடுகிற அந்த முதல் அரை மணி நேரம், மழைமரங்களின் கீழ் இன்னும் இருட்டாகவே இருக்கும். பத்து மடங்கைவிட எட்டு மடங்கு நல்லது என்று நான் வற்புறுத்துவதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம் கை நடுக்கம். பொருளைப் பெரிதாக்குகிற பைனாகுலர் உங்கள் கை ஆட்டத்தையும் அதே மடங்கு பெரிதாக்கும். மலைப்படி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு பத்து மடங்கில் ஒரு தேன்சிட்டைப் பார்த்துப் பாருங்கள், நான் சொல்வது புரியும். மூன்றாவது காரணம், மடங்கு கூடக் கூடப் பார்வைக்குள் அடங்கும் பரப்பு குறையும். பறவை இலைக்குள் தாவிவிட்டால் அதை மறுபடி பிடிப்பது கஷ்டம்.

வயதானவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. வயதாக ஆக இருட்டிலும் கண்மணி முன்போல் விரியாது. அறுபதைத் தாண்டியவர்கள் சின்ன லென்ஸால் இழப்பது இளைஞர்கள் இழப்பதைவிடக் குறைவு. அப்பா அம்மாவுக்கு வாங்குவதாக இருந்தால் கனமில்லாத 8×21, 8×25 வகையையே தயங்காமல் வாங்குங்கள்.

ஆக, என் முடிவு: 8×25. சுமக்கத் தயங்காதவர் என்றால், பணமும் எட்டினால், 8×30 அல்லது 8×32.

உள்ளே என்ன இருக்கிறது?

பைனாகுலருக்குள் பிரிசம் என்கிற கண்ணாடிக் கட்டிகள் உண்டு. லென்ஸ் தலைகீழாக்குகிற படத்தை நிமிர்த்துவது அவற்றின் வேலை. அதை அடுக்குகிற விதம் இரண்டு. ஒன்று இத்தாலியரான இக்னாசியோ போரோ 1854-இல் காப்புரிமை பெற்ற முறை. கைக்கடக்கமான அளவில் இது கண் வைக்கும் பக்கம் அகன்றும், முன்பக்கம் ஒடுங்கியும் இருக்கும். ரிவர்ஸ் போரோ என்பார்கள். மற்றது ரூஃப் வகை. குழாய் இரண்டும் நேராக இருக்கும், மடித்தால் சட்டைப்பைக்குள் போய்விடும்.

ரூஃப் பிரிசத்தை மிகத் துல்லியமாகச் செதுக்க வேண்டும். அதன் மேல் ஒரு தனிப் பூச்சும் வேண்டும். ஃபேஸ் கோட்டிங் என்று பெயர். ஸைஸ் கம்பெனி 1988-இல் கொண்டுவந்தது. அந்தப் பூச்சு இல்லாத ரூஃப் பைனாகுலரில் படம் சற்று மங்கலாகவே இருக்கும். மலிவான ரூஃப் வகையில் பெரும்பாலும் அது இருக்காது. போரோ வகைக்கு அந்தப் பூச்சே தேவையில்லை. அதனால், ஒரே விலையில் இரண்டும் கிடைத்தால் படம் தெளிவாக இருப்பது பெரும்பாலும் ரிவர்ஸ் போரோவில்தான்.

அப்படியென்றால் அதையே வாங்கிவிடலாமே என்று கேட்பீர்கள். நம் ஊர் மழையைக் கொஞ்சம் யோசியுங்கள். கைக்கடக்கமான ரிவர்ஸ் போரோ மாடல்கள் பலவற்றில் தண்ணீரும் ஈரக்காற்றும் உள்ளே போகும். ரூஃப் வகையில் உள்ளே நைட்ரஜன் வாயு நிரப்பி இறுக மூடியவை இந்தப் பட்ஜெட்டை ஒட்டியே கிடைக்கின்றன. நிக்கோன் ஸ்போர்ட்ஸ்டார் 8×25 அப்படிப்பட்டது, எடை சுமார் 300 கிராம். நான் சொல்லும் வழி இது: மழையோ வெயிலோ, மலையேற்றம், படகு என்று சுற்றுகிறவர் மூடிய ரூஃப் வகையை வாங்குங்கள். காலையில் பூங்காவுக்குப் போய்விட்டு ஒன்பது மணிக்கு வீடு திரும்புகிறவர் ரிவர்ஸ் போரோ வாங்கி, ஒழுங்காகப் பாதுகாத்தால் அதே காசுக்கு இன்னும் தெளிவாகப் பார்க்கலாம்.

விளம்பரத்தில் "வாட்டர் ரெசிஸ்டன்ட்" என்றிருந்தால் தூறல் தாங்கும், அவ்வளவுதான். "வாட்டர்புரூஃப்", "நைட்ரஜன்", "ஐ.பி.எக்ஸ். 7" என்று இருக்கிறதா பாருங்கள். கடைசியாகச் சொன்னது ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்கிற அளவுகோல்.

லென்ஸ் மேல் பூசும் பூச்சைப் பற்றி ஒரு வார்த்தை. பூச்சு இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு முகமும் தன் மேல் விழும் வெளிச்சத்தில் நான்கைந்து சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். ஒரு பைனாகுலருக்குள் அப்படிப் பத்துக்கு மேற்பட்ட முகங்கள் உண்டு. கூட்டிப் பார்த்தால் எவ்வளவு வெளிச்சம் வீணாகிறது என்று தெரியும். "ஃபுல்லி மல்டி கோட்டட்" என்றால் எல்லா முகத்துக்கும் பல அடுக்குப் பூச்சு. வெறும் "கோட்டட்" என்றால் எங்கோ ஓரிடத்தில் ஒரு பூச்சு. ஒரே ஒரு சொல் வித்தியாசம், ஆனால் படத்தில் நன்றாகவே தெரியும்.

இணைய விளம்பரத்தை வாசிக்கும் விதம்

ஷோப்பீ, லசாடா இரண்டிலும் நல்லதும் உண்டு, மோசமானதும் உண்டு. மோசமானதை விளம்பரத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். கையில் பிடிக்கிற சின்ன பைனாகுலருக்கு 30, 60, 100 மடங்கு என்று போட்டிருந்தால் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுங்கள். சிவப்பு லென்ஸ் என்றால் வேண்டாம். அது சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிவிட்டு மீதியைத்தான் கண்ணுக்குக் கொடுக்கும். "நைட் விஷன்" என்று போட்டு, பேட்டரியே இல்லாமல் வெறும் லென்ஸ் மட்டும் இருந்தால் அது பொய். ஃபோக்கஸ் திருகும் சக்கரமே இல்லாமல் "ஆட்டோ ஃபோக்கஸ்" என்று விற்பதும் வேண்டாம். மடங்கைக் கூட்டிக் குறைக்கும் ஸூம் வகையும் இந்த விலையில் வேண்டவே வேண்டாம். அதில் நல்லது செய்ய நிறைய செலவாகும்.

இன்னொன்று நிறையப் பேரை ஏமாற்றுகிறது. பைனாகுலர் மேலேயே "126 மீ/1000 மீ" என்று அச்சிட்டிருப்பார்கள். விற்பவர் அதைக் காட்டி, "ஆயிரம் மீட்டர் வரைக்கும் தெரியும்" என்று எழுதிவிடுவார். ஆயிரம் மீட்டர் தள்ளி இருக்கும் இடத்தில் 126 மீட்டர் அகலம் உங்கள் பார்வைக்குள் அடங்கும் என்பதே அதன் பொருள். இந்த எண் பெரிதாக இருந்தால் பறவையைத் தேடிப் பிடிப்பது சுலபம். 8×25-க்கு 110-க்கு மேல் இருந்தால் நல்லது.

மூக்குக் கண்ணாடி போடுகிறவர்களுக்கு

பின்பக்க லென்ஸிலிருந்து கண் எவ்வளவு தூரம் வரை தள்ளி இருந்தால் முழு வட்டமும் தெரியும் என்பதற்கு ஓர் அளவு உண்டு. ஐ ரிலீஃப் என்று போட்டிருப்பார்கள். மூக்குக் கண்ணாடியோடு பார்க்க அது 15 மி.மீ. அல்லது அதற்கு மேல் வேண்டும். சின்ன மாடல்கள் பலவற்றில் 10 மி.மீ. மட்டும்தான். அதில் கண்ணாடியோடு பார்த்தால் சாவித்துவாரம் வழியாகப் பார்ப்பதுபோல் நடுவில் கொஞ்சம்தான் தெரியும்.

கிட்டப்பார்வை, தூரப்பார்வை மட்டும் என்றால் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். சக்கரத்தைத் திருகினால் தெளிந்துவிடும். சிலிண்டர் பவர் அதிகம் உள்ளவர்களுக்கு அது ஒத்துவராது, கண்ணாடி வேண்டும். அவர்கள் மற்ற எல்லாவற்றுக்கும் முன் இந்த 15 மி.மீ.-ஐப் பார்த்து வாங்குங்கள்.

கடையில் பத்து நிமிடம்

முடிந்தால் நேரில் பார்த்து வாங்குங்கள். பகலில் போங்கள். கேமரா விற்கும் கடையில் கேட்டுவிட்டு, ஐந்தடி நடைபாதைக்கு வந்து நின்று பாருங்கள். கடைக்குள்ளே பத்தடி தூரத்துச் சுவரைப் பார்த்து ஒன்றும் தெரியாது. வெளியே விட மறுத்தால் நான் அந்தக் கடையில் வாங்குவதில்லை.

முதலில் பைனாகுலரைக் கண்ணில் வைக்காமல் கையை நீட்டிப் பிடித்து, வெளுத்த வானத்தை நோக்கித் திருப்புங்கள். பின்பக்க லென்ஸின் நடுவில் ஒரு சின்ன ஒளிவட்டம் தெரியும். மேலே வகுத்துப் பார்த்தோமே, அந்த 3.1 மி.மீ. இதுதான். அது முழு வட்டமாக, ஓரம் வரை ஒரே வெளிச்சமாக இருந்தால் நல்லது. நான்கு பக்கமும் நிழல் வெட்டிக் கிட்டத்தட்டச் சதுரமாகத் தெரிந்தால் உள்ளே பி.கே. 7 எனும் மலிவுக் கண்ணாடிப் பிரிசம் இருக்கலாம். பி.ஏ.கே. 4 என்று பெட்டியில் போட்டிருப்பது அதைவிட மேல்.

அடுத்து முன் லென்ஸைச் சற்றுச் சாய்த்துக் கடையின் டியூப் லைட் அதில் எப்படிப் பிரதிபலிக்கிறது என்று பாருங்கள். மங்கலான பச்சை அல்லது ஊதா நிறத்தில் தெரிந்தால் பூச்சு இருக்கிறது. பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தால் அந்த முகத்தில் பூச்சு இல்லை.

இப்போது கண்ணில் வையுங்கள். நடுக் கீலை மடித்து விரித்து, இரண்டு வட்டமும் சேர்ந்து ஒரே வட்டமாகும் வரை சரிசெய்யுங்கள். ஒரே வட்டமாகவே ஆகவில்லை என்றால் அது உங்கள் கண்களின் இடைவெளிக்குப் பொருந்தாது. பிள்ளைகளுக்கு வாங்கும்போது இதைக் கட்டாயம் பாருங்கள். சில மாடல்கள் சின்ன முகத்துக்கு ஏற்ற அளவுக்கு மடியாது.

எதிர்ச் சாரியில் ஒரு பெயர்ப்பலகையைத் தேர்ந்தெடுத்து அதன் எழுத்துகளை வாசியுங்கள். முதலில் வட்டத்தின் நடுவில் வைத்து, பிறகு பைனாகுலரை மெல்ல நகர்த்தி ஓரத்தில் வைத்து. ஓரத்தில் கொஞ்சம் மங்குவது இந்த விலையில் இயல்பு. பாதி வட்டமே மங்கினால் வேண்டாம். பிறகு வானத்தை ஒட்டிய ஒரு கூரை விளிம்பைப் பாருங்கள்; ஜார்ஜ்டவுனில் பல இடங்களிலிருந்து கொம்தார் கோபுரமே தெரியும், அது இதற்கு நல்ல இலக்கு. விளிம்பில் ஊதாக் கோடு தடிப்பாக ஓடினால் லென்ஸ் சுமார்தான்.

மிக முக்கியமான சோதனை இது. கூரை விளிம்பு போன்ற கிடைக்கோடு ஒன்றைப் பார்த்துக்கொண்டே பைனாகுலரைக் கண்ணிலிருந்து நாலைந்து அங்குலம் மெல்ல விலக்குங்கள். இடது வட்டத்திலும் வலது வட்டத்திலும் அந்தக் கோடு ஒரே மட்டத்தில் ஓட வேண்டும். ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி இருந்தால் குழாய்கள் இரண்டும் ஒரே திசையைப் பார்க்கவில்லை. என் 89 வெள்ளிப் பைனாகுலரில் மரக்கிளை இரண்டாகத் தெரிந்ததும், தலை வலித்ததும் இதனால்தான். கண் கொஞ்ச நேரம் சமாளித்துப் பார்க்கும், பிறகு வலிக்கும். ஐந்து நிமிடம் தொடர்ந்து பார்த்துவிட்டுக் கீழே இறக்கும்போது கண்ணுக்குள் ஏதோ இழுப்பதுபோல் இருந்தால், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பழையது வாங்கலாமா?

வாங்கலாம். 150 வெள்ளிதான் இருக்கிறது என்றால் நான் பழையதைத்தான் சொல்வேன். நல்ல ஜப்பான் பைனாகுலர் முப்பது வருடம் உழைக்கும். லோரோங் குலிட் பழைய பொருள் சந்தையில், ஜப்பானிலிருந்து வரும் பழைய சாமான் கடைகளில், முடா போன்ற விற்பனைத் தளங்களில் தேடிப் பாருங்கள். ஆனால் நம் ஊரில் பழைய லென்ஸுக்கு ஒரே பெரிய எதிரி பூஞ்சை.

கைத்தொலைபேசியின் டார்ச்சைப் போட்டு, கண் வைக்கும் பக்கம் வழியாக ஒளியை உள்ளே விடுங்கள். முன்பக்கம் வழியாகச் சற்றுச் சாய்வாகப் பாருங்கள். சுத்தமான லென்ஸில் ஒன்றிரண்டு தூசிப்புள்ளி தெரியும், பரவாயில்லை. பூஞ்சை இருந்தால் விளிம்பிலிருந்து நடுவை நோக்கிச் சிலந்தி நூலைப் போல மெல்லிய வெள்ளை இழைகள் கிளை கிளையாகப் பிரிந்து போகும். ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு எங்கும் அடையாளம் தெரியும். அது லென்ஸ் பூச்சையே அரித்துவிடும். பிரித்துச் சுத்தம் செய்தாலும் அரித்த தழும்பு போகாது. செலவும் பைனாகுலரின் விலையைத் தாண்டும். எனவே இழை ஒன்று தெரிந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அப்புறம், காதருகே வைத்து மெல்ல ஆட்டிப் பாருங்கள். உள்ளே ஏதாவது கடகடத்தால் வேண்டாம். திருகாணித் தலைகள் தேய்ந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். கடையில் சொன்ன கோட்டுச் சோதனையை இங்கேயும் செய்யுங்கள். கண்ணில் வைத்துப் பார்க்காமல் முன்பணம் அனுப்ப வேண்டாம்.

வாங்கிய பிறகு: வலது கண் வளையம்

நல்ல பைனாகுலரை வாங்கிவிட்டு "சரியாகத் தெரியவில்லை" என்று ஒதுக்கி வைக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். என் அக்கா மகனும் அப்படித்தான். பூங்காவில் லோத்தோங் கூட்டம் ஒன்று புளியமர உயரத்தில் இலை தின்றுகொண்டிருந்தது. அவன் சக்கரத்தை இப்படியும் அப்படியும் திருகிக்கொண்டே, "மாமா, ஒரு கண்ணு தெரிஞ்சா இன்னொரு கண்ணு மங்கலாகுது" என்றான். வாங்கி இரண்டு வாரம் ஆகியும் வலது கண் பக்கம் இருக்கும் சின்ன வளையத்தை அவன் தொடவே இல்லை.

அதன் பெயர் டயாப்டர் வளையம். நம் இரண்டு கண்ணுக்கும் பவர் ஒன்றாக இருப்பதில்லை. அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டத்தான் அது. செய்யும் முறை இதுதான். அசையாத ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள், மரப்பட்டை நல்லது. வலது பக்க முன் லென்ஸைக் கையால் மூடுங்கள். வலது கண்ணை மூடாதீர்கள். ஒரு கண்ணைச் சுருக்கினால் மற்றதும் சேர்ந்து சுருங்கும். நடுச் சக்கரத்தைத் திருகி இடது கண்ணுக்குப் பட்டையின் வெடிப்பு தெளிவாகத் தெரியும்படி செய்யுங்கள். அடுத்து இடது முன் லென்ஸை மூடுங்கள். இப்போது நடுச் சக்கரத்தைத் தொடக்கூடாது. வலது கண் வளையத்தை மட்டும் திருகி அதே வெடிப்பைத் தெளிவாக்குங்கள். முடிந்தது. வளையம் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் கண்ணுக்கு அது எப்போதும் அந்த இடம்தான். இனி எதைப் பார்த்தாலும் நடுச் சக்கரம் ஒன்றே போதும். சில மாடல்களில் இந்த வளையம் இடது பக்கம் இருக்கும். அப்போது கண்களை மாற்றிச் செய்யுங்கள்.

அக்கா மகன் அப்படிச் செய்துவிட்டு மறுபடி மேலே பார்த்தான். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. கிளைக் கவட்டில் ஒரு தாய்க்குரங்கு, கண்ணைச் சுற்றி வெள்ளை வட்டம். அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு, பழுத்த மாம்பழ நிறத்தில் ஒரு குட்டி. லோத்தோங் குட்டி பிறக்கும்போது அந்த நிறம்தான், மாதங்கள் போகப் போகத்தான் சாம்பலாகும். "விரல் தெரியுது மாமா" என்றான். தாயின் முடியைப் பற்றியிருந்த அந்தச் சின்ன விரல்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன.

முதல் காலை

மூக்குக் கண்ணாடி இல்லாதவர்கள் கண் வைக்கும் பக்கத்து ரப்பர் வளையத்தை வெளியே இழுத்து வைத்துக்கொள்ளுங்கள். இருப்பவர்கள் உள்ளே தள்ளி வையுங்கள். முழங்கை இரண்டையும் விலாவோடு ஒட்டிப் பிடித்தால் நடுக்கம் குறையும். மரத்தில் சாய்ந்துகொண்டால் இன்னும் நல்லது.

பறவையைக் கண்டதும் குனிந்து பைனாகுலரைத் தேடாதீர்கள். பறவையின் மேல் வைத்த கண்ணை எடுக்காமல், பைனாகுலரை மட்டும் கண்ணுக்கு உயர்த்துங்கள். முதல் வாரம் தடுமாறும். வீட்டுச் சன்னலிலிருந்து மைனாவை வைத்துப் பழகுங்கள், மைனா எங்கும் ஓடிப்போகாது.

சூரியனை ஒருபோதும் பைனாகுலரால் பார்க்காதீர்கள். ஒரு நொடியில் கண் போய்விடும். பருந்து பறக்கிற திசையிலேயே பைனாகுலரைத் திருப்பிக்கொண்டு போகும்போதுதான் இந்த ஆபத்து வருகிறது. அது சூரியனை நெருங்கினால் இறக்கிவிடுங்கள். பிள்ளைகளிடம் கொடுக்கும் முன் இதைச் சொல்லிக் கொடுங்கள். அடுக்குமாடி வீட்டுப் பால்கனியில் நின்று பார்க்கிறவர்கள் எதிர்வீட்டுச் சன்னல் பக்கம் திருப்பாமல் இருப்பது மரியாதை.

பூங்காவில் வாரைக் கழுத்திலேயே மாட்டியிருங்கள். பக்கத்து பெஞ்சில் வைத்தால் நீண்டவால் குரங்குகள் தூக்கிக்கொண்டு போய்விடும். தனியாகப் போகத் தயங்குகிறவர்களுக்கு மலேசிய இயற்கைச் சங்கத்தின் பினாங்குக் கிளை இருக்கிறது. 1940-இல் தொடங்கிய பழைய சங்கம். அங்கே பழக்கமானால் மற்றவர்களின் பைனாகுலரையும் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். வாங்கும் முன்பே இதைச் செய்ய முடிந்தால் எல்லாவற்றையும்விட நல்லது.

அந்த 30 வெள்ளி

காற்றுப் புகாமல் இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா ஒன்று, சிலிகா ஜெல் ஒரு பாக்கெட், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று. இவ்வளவுதான். மீட்டர் 40-க்கும் 50-க்கும் நடுவில் நின்றால் பூஞ்சை வராது. நம் வீட்டுக் காற்றில் அது 80-ஐ ஒட்டி நிற்கும். சிலிகா ஜெல்லில் ஆரஞ்சு நிறத்தில் இருந்து பச்சையாக மாறும் வகையை வாங்குங்கள். நீலத்திலிருந்து ரோஜா நிறமாக மாறும் வகையில் கோபால்ட் இருக்கிறது, பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அது வேண்டாம். நிறம் மாறியதும் மணிகளை மிதமான சூட்டில் காயவைத்தால் மறுபடி உழைக்கும். சிலர் அரிசிக்குள் போட்டு வைக்கிறார்கள். அரிசித் தூசி கீலுக்குள் போய்விடும், வேண்டாம். பைனாகுலரோடு வந்த தோல் உறையையும் டப்பாவுக்குள் வைக்காதீர்கள், பூஞ்சை முதலில் தோலில்தான் பிடிக்கும்.

ஏர்கோன் அறையிலிருந்து வெளியே எடுத்துப் போனால் லென்ஸ் பனிபோல் மூடிக்கொள்ளும். துடைக்க வேண்டாம். பைக்குள்ளேயே ஒரு கால்மணி நேரம் விட்டால் வெளிச்சூட்டுக்குப் பழகிவிடும். லென்ஸில் தூசி இருந்தால் முதலில் ரப்பர் ஊதியால் ஊதுங்கள், பிறகு மைக்ரோஃபைபர் துணியால் மெல்லத் துடையுங்கள். ஊதாமல் துடைத்தால் மணல் துகள் பூச்சைக் கீறிவிடும். சட்டை நுனி, சேலைத் தலைப்பு கூடாது. கடலோரம் போய்வந்த அன்று உப்புக் காற்று படிந்திருக்கும். உடம்பை ஈரத்துணியால் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகே டப்பாவுக்குள் வையுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் டப்பாவிலேயே கிடக்க விடாமல், வெயில் உள்ள ஒரு காலையில் வெளியே எடுத்துப் போங்கள்.